லாவோஸ் கல்ஜாடிகளைப் பார்க்க அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். டிசம்பரில் அப்பா அம்மாவோடு லாவோஸ் போகிறீர்கள். அங்கே சியெங் குவாங் மாகாணத்தில் இருக்கும் பழங்காலக் கல்ஜாடிகளைப் பார்க்க அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. அம்மாவோ, "குண்டு கிடக்கிற காட்டுக்கு நானும் வரமாட்டேன், உங்களையும் விடமாட்டேன்" என்கிறார். அந்த ஜாடிகளுக்கும் நம் கோத்தகிரிப் பக்கத்துப் பாண்டவர் வீடுகள் என்கிற பழைய கல்திட்டைகளுக்கும் சம்பந்தம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலாகப் பார்த்தால் பயணக் கேள்விதான். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: இலங்கைத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே வராமல் இலங்கையிலேயே தங்கிவிட்ட அம்மாவின் அண்ணன் குடும்பம் பிறகு வடக்கே வன்னிக்குப் போனது, மிதிவெடியில் கால் போன மாமாவை அம்மா நேரில் பார்த்திருக்கிறார். ஆக, நீங்கள் கேட்பது, அம்மாவிடம் பொய் சொல்லாமல் என்ன சொல்லிக் கூட்டிப்போகலாம் என்பதுதான். அதற்குப் பதில் எழுதுகிறேன்.

நான் தொல்லியல் படித்தவன். முப்பது வருஷத்துக்குப் பக்கமாக நீலகிரியின் கற்குவை, கல்திட்டை, நடுகல் என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். லாவோஸுக்கு ஒரே ஒரு முறை போனேன், பத்து நாள் இருந்தேன். அங்கே மண்வெட்டி பிடித்தவன் இல்லை, பார்க்கப் போனவன்தான். குண்டு விஷயத்தில் எனக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. அந்த ஊரில் குண்டு அகற்றுகிறவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பதையும், என் கண்ணால் பார்த்ததையும் மட்டும் சொல்கிறேன். கல்லைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கூடுதல் தைரியத்தோடு பேசுவேன்.

சுருக்கமான பதில்: போகலாம். போன்சவான் ஊரைச் சுற்றிப் பயணிகளுக்குத் திறந்திருக்கும் 1, 2, 3 என்று எண் போட்ட மூன்று இடங்களும் குண்டு தேடி அகற்றப்பட்டவை. அங்கே போட்டிருக்கும் எல்லைக்குள் நடக்கிறவரை, ஊட்டியிலிருந்து கோவைக்கு மலைப்பாதையில் கார் ஓட்டுவதைவிட அது ஆபத்தான காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் "ஒன்றும் இல்லம்மா, எல்லாம் பழைய கதை" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதீர்கள். அது உண்மை இல்லை. அங்கே போய் இறங்கியதும் அவரே தெரிந்துகொள்வார்.

1962-இல் ஜெனீவாவில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி லாவோஸ் நடுநிலை நாடு. பக்கத்தில் நடந்த வியட்நாம் போர் அங்கேயும் பரவியது. நடுநிலை நாடு என்பதால் அங்கே நடந்த சண்டையை வெளியில் சொல்லாமலே நடத்தினார்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 முறை வந்து 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு போட்டன. ஒன்பது வருஷம், ராத்திரி பகல் பாராமல், எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானம் என்று கணக்கு. ஜாடிகள் இருக்கும் அந்த மேட்டுநிலம் சண்டையின் நட்டநடுவில் இருந்தது. ஒரு பக்கம் பாத்தெட் லாவோ என்ற கம்யூனிஸ்ட் படையும் வட வியட்நாம் படையும், மறுபக்கம் அரசுப் படையும் அமெரிக்க உளவுத்துறை ஆயுதம் கொடுத்து வளர்த்த ஹ்மோங் என்ற மலைவாசி இனத்து வீரர்களும். மழைக்காலத்தில் ஒருவர் கை, வெயிற்காலத்தில் இன்னொருவர் கை என்று அந்தப் புல்வெளி மாறிக்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் குகையில் குடியிருந்து, இருட்டிய பிறகு வயலுக்குப் போய் நாற்று நட்டார்கள்.

விழுந்த பெரிய குண்டுகள் பெரும்பாலும் அன்றைக்கே வெடித்துத் தீர்ந்தன. இன்றைக்கும் ஆளைக் கொல்வது சின்னவை. ஒரு பெரிய கூட்டுக்குள் அறுநூற்றுக்கும் மேல் அடைத்து, நடுவானில் கூடு பிரிந்து மழை மாதிரி கொட்டும் கொத்துக்குண்டுகள். ஒவ்வொன்றும் டென்னிஸ் பந்து அளவு, உள்ளே முந்நூறு இரும்புக் குண்டுமணி. லாவோ மக்கள் அதற்கு "பாம்பி" என்றே பேர் வைத்துவிட்டார்கள். மொத்தம் 27 கோடி பாம்பி விழுந்தது, அதில் 30 சதவீதம் வரை வெடிக்கவில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் மதிப்பீடு. அப்படியானால் ஏறக்குறைய 8 கோடி மண்ணில் தங்கிவிட்டது. போர் முடிந்த பிறகு மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 20,000 பேருக்கு மேல்.

இனி அம்மாவுக்குத் தெரிய வேண்டிய வித்தியாசம். வன்னியில் மாமா மிதித்தது மிதிவெடி. அது மனிதன் கால் வைப்பதற்காகவே, நடக்கிற பாதையிலும் கிணற்றடியிலும் பார்த்துப் பார்த்துப் புதைத்தது. பாம்பி அப்படி இல்லை. விழுந்தவுடன் வெடிக்க வேண்டியது, வெடிக்காமல் போனது. உங்கள் அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் இருந்தவர் என்கிறீர்கள், வெடிக்காத மருந்து எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் லாவோஸில் விபத்து நடக்கும் விதமே வேறு. வயலில் மண்வெட்டி போடும்போது நடக்கிறது. பழைய இரும்புக்காகத் தோண்டும்போது நடக்கிறது. அடியில் பாம்பி இருப்பது தெரியாமல் மேலே அடுப்பு மூட்டும்போது நடக்கிறது. பிள்ளைகள் பந்து என்று எடுத்து விளையாடும்போது நடக்கிறது, இதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. துருப்பிடித்துச் சேறு அப்பிய பாம்பிக்கும் மண்கட்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிதில்லை. ஆபத்தில் இருப்பவர்கள் அங்கே உழுது பிழைக்கிறவர்கள். பாதையில் நடந்துவிட்டுத் திரும்பும் பயணி அந்தக் கணக்கில் அநேகமாக வருவதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வருகிறது, ஆனாலும் அதுதான் நிலவரம்.

நீங்கள் பார்க்கப்போகும் மூன்று இடங்களையும் 2004, 2005 வாக்கில் மேக் என்ற குண்டகற்றும் அமைப்பு சுத்தம் செய்தது. அம்மாவிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். வன்னியில் மிதிவெடி எடுத்தவர்களில் இவர்களும் உண்டு. ஜாடிகளுக்கு நடுவில் தரையோடு தரையாகச் சின்னச் சதுரக் கற்களைப் பதித்திருப்பார்கள், பாதி வெள்ளை, பாதி சிவப்பு. வெள்ளைப் பக்கம் மண்ணுக்கு அடியிலும் கருவி வைத்துத் தேடி முடித்த இடம். சிவப்புப் பக்கம் மேலாகக் கண்ணால் பார்த்தது மட்டும். இவ்வளவுதான் விதி: எப்போதும் வெள்ளைக்குள் நில்லுங்கள்.

விதி சுலபம், மறப்பதும் சுலபம். முதலாம் இடத்தில் ஒரு ஜாடியின் வாய் விளிம்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி, அதில் ஒரு காய்ந்த இலையும் நாலைந்து தலைப்பிரட்டையும் மிதந்தன. விளிம்பு, இலை, பின்னால் மலை, மூன்றும் ஒரே படத்தில் வரட்டும் என்று கேமராவைக் கண்ணில் வைத்தபடியே பின்வாங்கினேன். வழிகாட்டியாக வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் என் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால், என் குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால் அந்தக் கல். வெள்ளைப் பாதி சுத்தமாக இருந்தது, சிவப்புப் பாதியில் பாசி பிடித்திருந்தது. அந்தப் பக்கமும் மேலாகப் பார்த்துவிட்டார்கள்தான், நான் கால் வைத்திருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவர் முகத்தில் அந்தப் "பெரும்பாலும்" இல்லை. அவருடைய சித்தப்பா மகன் ஒருவன் எட்டு வயதில் போய்விட்டான் என்று சாயங்காலம் சொன்னார். படம் எடுக்கும்போது நின்ற இடத்தில் நின்று எடுங்கள். உங்களுக்கு நான் கொடுக்கும் முதல் அறிவுரை இதுதான்.

ஆகவே, வாடகை மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு தனியாகச் சுற்றாதீர்கள். உள்ளூர் வழிகாட்டியோடு வண்டி பேசிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஒதுங்குவது என்றால்கூடப் புதருக்குப் போகக் கூடாது, வண்டியை ஊரில் நிறுத்தச் சொல்லுங்கள். தரையில் கிடக்கும் எந்த உலோகத்தையும் தொட வேண்டாம், காலால் தட்டவும் வேண்டாம். பான் நாபியா என்ற கிராமத்தில் போர்க்கால அலுமினியத்தை உருக்கி ஸ்பூனும் வளையலும் செய்கிறார்கள், அந்த உலையைப் பார்க்கலாம். ஆனால் குண்டின் கூட்டையோ துண்டையோ நினைவுப்பொருளாக யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். விலை கிடைக்கும் என்று தெரிந்தால் இன்னொருவர் அதைத் தோண்டப் போவார்.

பயண ஏற்பாட்டைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. தலைநகர் வியன்தியானிலிருந்து போன்சவானுக்குச் சின்ன விமானம் இருக்கிறது, அரைமணி நேரச் சமாசாரம். சாலையில் போனால் ஒரு நாள் முழுக்க வளைவு, அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது. 2021-இல் வந்த சீன ரயில் வியன்தியானையும் லுவாங் பிரபாங்கையும் இணைக்கிறது, போன்சவான் பக்கம் வராது. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர், நம் கூடலூர் உயரம்தான். ஆனால் டிசம்பர் ராத்திரி நன்றாகவே குளிரும், ஸ்வெட்டரும் மஃப்ளரும் வேண்டும். உங்கள் மாதத் தேர்வு சரிதான்: மழை விட்டிருக்கும், மார்ச்சில் காடு கொளுத்தும் புகை இன்னும் வந்திருக்காது.

சரி, ஜாடிகளுக்கு வருவோம். ஊர்க்காரர்கள் "தோங் ஹை ஹின்" என்பார்கள், கல்ஜாடிச் சமவெளி என்றுதான் அர்த்தம். சமவெளி என்றாலும் பல இடங்கள் குன்றின் சரிவிலும் முகட்டிலும்தான் இருக்கின்றன. எல்லா இடங்களையும் சேர்த்து 2,100-க்கும் மேற்பட்ட ஜாடிகள். 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது 15 இடங்களை, அவற்றில் 1,325 ஜாடிகள். பெரும்பாலும் மணற்கல், சில இடங்களில் கிரானைட், சுண்ணாம்புக்கல். ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை உயரம், பெரியவை பல டன் எடை. ஒரே கல்லைக் குடைந்து செய்தவை, ஒட்டுப்போட்டவை இல்லை. முதலாம் இடத்தில் ஒரு ஜாடியில் மட்டும் கையைத் தூக்கிக் காலை மடக்கிய ஒரு மனித உருவம் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால்தான் பிடிபடும், மத்தியானம் போனால் வெறும் கல்தான்.

இவை சாவோடு சம்பந்தப்பட்டவை என்பது உறுதி. 1930-களில் மதலேன் கொலானி என்ற பிரெஞ்சுக்காரப் பெண்மணி, அப்போதே அறுபது வயதைத் தாண்டியவர், அந்த மலைகளில் இடம் இடமாக அலைந்து அளந்து, தோண்டி, 1935-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார். ஜாடிகளுக்குள்ளும் சுற்றிலும் எரிந்த எலும்பு, பல், கண்ணாடி மணி, இரும்புக் கருவி எல்லாம் அவருக்குக் கிடைத்தன. முதலாம் இடத்தில் கூரையில் துளை விழுந்த ஒரு குகை இருக்கிறது, அதைப் பிணம் எரித்த இடம் என்றார். பிறகு போர், பிறகு குண்டு. முறையான தோண்டல் பல பத்தாண்டு நின்றுபோனது. 2016 முதல் லாவோஸ், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி தோண்டியபோது, ஜாடிகளைச் சுற்றி மூன்று விதமாகப் புதைத்திருப்பது தெரிந்தது: முழு உடலைக் கிடத்தியது, சதை போன பிறகு எலும்பைச் சேர்த்துக் கட்டிப் புதைத்தது, எலும்பை மண்பானையில் இட்டுப் புதைத்தது. அவர்களில் குழந்தைகள் நிறைய.

முதுமக்கள் தாழியைப் பற்றிப் பள்ளியில் படித்த எவருக்கும் அந்த மூன்றாவது விதம் அந்நியமாக இருக்காது. ஆதிச்சநல்லூர்த் தாழிக்கு முன்னால் நின்ற ஞாபகத்தோடு அங்கே போங்கள், ஜாடி வேறு மாதிரி தெரியும்.

உறுதி இதோடு நிற்கிறது. இனிமேல் சொல்வதெல்லாம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டியவை. ஜாடிக்குள் உடலை வைத்தார்களா, எலும்பை வைத்தார்களா? உடல் கரைந்து எலும்பு தங்கும்வரை ஜாடியில் வைத்து, பிறகு எலும்பை எடுத்துப் பக்கத்தில் புதைத்தார்கள் என்பது ஒரு கருத்து. அந்தப் பிரதேசத்து அரச குடும்பங்களில் இறந்தவரைச் சில காலம் கலசத்தில் வைத்திருந்து பிறகு எரிக்கும் பழக்கம் இருந்தது, அதை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். கேட்கப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் ஜாடிகள் பெரும்பாலும் காலியாகத்தான் கிடைத்தன, காலியான பாத்திரம் எதை வைத்திருந்தது என்று சாட்சி சொல்லாது. பழைய உப்பு வணிகப் பாதையை ஒட்டி ஜாடிகளை வைத்தார்கள் என்று கொலானி நினைத்தார். அதுவும் நல்ல யூகம், யூகம் மட்டும்தான்.

காலக்கணிப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அளக்க ஒரு முறை இருக்கிறது. ஜாடியைத் தூக்கி வைத்த அன்றைக்கு அதன் அடிமண் இருட்டுக்குள் போய்விட்டது அல்லவா, அந்த மண்ணை எடுத்து அளந்தார்கள். இரண்டாம் இடத்து ஜாடி ஒன்றின் அடியில் கிடைத்த விடை கி.மு. 1240-க்கும் 660-க்கும் நடுவில். அதே ஆய்வுக் குழு முதலாம் இடத்தில் ஜாடிகளைச் சுற்றிப் புதைத்திருந்த எலும்பையும் கரியையும் கார்பன் முறையில் பார்த்தது. அதில் வந்த விடை பெரும்பாலும் கி.பி. 9 முதல் 13-ஆம் நூற்றாண்டு. 2021-இல் வெளியான முடிவு இது. இரண்டுக்கும் நடுவில் ஆயிரத்து ஐந்நூறு வருஷம். யுனெஸ்கோ பட்டியல் சொல்வதோ கி.மு. 500 முதல் கி.பி. 500 வரை. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரு ஜாடியின் அடிமண்ணை வைத்து இரண்டாயிரம் ஜாடிக்கும் வயது சொல்ல முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே குழுவினர் ஜாடி வைத்து, அதே காலத்தில் புதைத்து, அத்தோடு முடிந்தது என்ற பழைய சித்திரம் ஆட்டம் கண்டுவிட்டது. யாரோ வைத்த கல்லுக்குப் பக்கத்தில், பிறகு வந்த வேறு யாரோ தங்கள் பிள்ளைகளைப் புதைத்திருக்கலாம்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்டால், நம் மலையைக் காட்டுவேன். நீலகிரியில் பழைய கல்திட்டைகள் யார் கட்டியவை என்று இங்கே வாழும் குறும்பர் பழங்குடிகளுக்கே தெரியாது. ஆனால் தங்களில் ஒருவர் இறந்தால், ஆற்றில் உருண்டு வழவழப்பான நீளக் கல் ஒன்றைக் கொண்டுவந்து அந்தத் திட்டைக்குள் வைப்பது அவர்கள் வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் எழுதியவர்களே, சில திட்டைகள் மூடுகல்வரை இந்தக் கற்களால் நிறைந்திருந்ததைப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் பனகுடி சோலையில் இன்றைக்கும் அந்தத் திட்டைகள் தெய்வத்துக்கு உரிய இடம். முதல் முறை அங்கே போனபோது நான் இளைஞன், கையில் டேப்பும் நோட்டும் இருந்தன. கூட வந்த குறும்பப் பெரியவர் சோலை விளிம்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, என் காலையும் பார்த்தார். உள்ளே கல்லுக்கு மேல் கல்லாகச் சின்னக் கற்கள். அவற்றில் ஒன்றைக் காட்டி "இது எங்க பாட்டன்" என்றார். அன்றைக்கு நான் எதையும் அளக்கவில்லை. திட்டைக்கு வயது ஒன்று, உள்ளே இருக்கும் கல்லுக்கு வயது வேறு. இரண்டையும் ஒரே காலம் என்று நான் எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய தப்பாக இருந்திருக்கும்! லாவோஸ் ஆய்வு முடிவைப் படித்தபோது எனக்கு முதலில் அந்தப் பாட்டன் கல்தான் ஞாபகம் வந்தது.

சம்பந்தம் உண்டா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஒரே இனம் இங்கிருந்து அங்கே போனது, அங்கிருந்து இங்கே வந்தது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. இணையத்தில் "தமிழன் லாவோஸில் வைத்த தாழி" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். நம் பாண்டவர் வீடு என்பது பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒன்று மூடியது. நம் முகடுகளில் இருக்கும் கற்குவை வட்டமாகச் சுவர் எடுத்து நடுவில் பானை வைத்தது. கல்லையே குடைந்து ஜாடி செய்த வழக்கம் நீலகிரியில் கிடையாது. லாவோஸ் ஜாடிக்கு உண்மையான சொந்தக்காரரைத் தேடினால் அசாமுக்குப் போக வேண்டும். டிமா ஹசாவ் மலைகளில் அதே சாயலில் கல்ஜாடிகள் இருக்கின்றன. 1929-இல் மில்ஸ், ஹட்டன் என்ற இரு ஆங்கில அதிகாரிகள் அவற்றைப் பதிவு செய்தார்கள். 2022-இல் இன்னும் நாலு இடங்களில் 65 ஜாடிகள் கண்டுபிடித்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த இரண்டு மலைநாட்டுக்கும் நடுவில் என்ன உறவு என்பதுதான் இப்போது பெரிய கேள்வி.

இங்கேயும் அங்கேயும் பொதுவாக இருப்பது வேறொன்று: யார் கட்டியது என்று தெரியாதபோது மனிதர்கள் சொல்லும் கதை. பழனிமலைப் பக்கம் இதே கல்திட்டையைக் குள்ளர் வீடு என்பார்கள், இவ்வளவு சின்ன வாசலுக்குள் குள்ளர்தானே புகமுடியும். லாவோஸில் நேர்மாறு. அவ்வளவு பெரிய ஜாடியில் ராட்சதர்கள்தானே குடித்திருக்க முடியும்? குன் சுவாங் என்ற ராஜா போரில் ஜெயித்த கொண்டாட்டத்துக்காக அரிசிச் சாராயம் காய்ச்சி நிரப்பிய ஜாடிகள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். உங்கள் அப்பா கேட்டு ரசிக்கட்டும். முதலாம் இடத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ஃபு கெங் என்ற மலையில் கல் வெட்டிய இடமும், பாதியில் விட்ட ஜாடிகளும் இருக்கின்றன. முதலாம் இடத்து மணற்கல் அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்று கல்லுக்குள் இருக்கும் ஜிர்கான் என்ற கனிமத் துகளின் வயதை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். பல டன் கல்லை எட்டு கிலோமீட்டர் எப்படி இழுத்தார்கள் என்பதற்கு இன்னும் விடை இல்லை.

"மர்மமான இடம்" என்று நீங்கள் எழுதியிருந்த வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மர்மத்தில் ஒரு பங்கு பழமையால் வந்தது. மீதி, பிறகு வந்தவர்கள் செய்தது. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் தோண்டி எழுதிய புத்தகம் 1873-இல் வந்தது. அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ துரைமார் பொழுதுபோக்குக்காக நம் கற்குவைகளைத் தோண்டினார்கள். எருமை, மயில், குதிரைவீரன் உட்கார்ந்த மூடிகளோடு கூடிய அந்த அழகான பானைகளும் வெண்கலக் கிண்ணங்களும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் சென்னை எழும்பூர் மியூசியத்திலும் இருக்கின்றன. எந்தப் பானை எந்தக் குழியில், எந்த எலும்புக்குப் பக்கத்தில் இருந்தது என்பது பெரும்பாலும் போய்விட்டது. இங்கே முகட்டில் மிச்சம் இருப்பது ஒரு பள்ளம், சுற்றிலும் சரிந்த கல். லாவோஸில் அந்த வேலையைக் குண்டு செய்தது. முதலாம் இடத்தில் ஜாடிகளுக்கு நடுவிலேயே குண்டு விழுந்த பள்ளங்களையும் பதுங்குகுழிகளையும் பார்ப்பீர்கள். பள்ளத்தின் ஓரத்தில் உடைந்து கிடக்கும் ஜாடித் துண்டை ஒட்டவைக்கலாம். அதன் அடியில் கலைந்துபோன மண் இனிப் பேசாது. தயவுசெய்து ஜாடிக்குள் இறங்கி நின்று படம் எடுக்காதீர்கள், விளிம்பில் உட்காராதீர்கள். நிறையப் பேர் செய்கிறார்கள். ஒருவர் குடும்பத்துச் சமாதி அது.

மூன்று இடத்தில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் பலரும் முதலாவதைச் சொல்வார்கள், முந்நூறுக்கும் மேல் ஜாடி, எல்லாவற்றிலும் பெரியதும் அங்கேதான். எனக்குப் பிடித்தது இரண்டாவது. பக்கம் பக்கமாக இரண்டு குன்று, மரநிழல். ஒரு ஜாடியின் உள்ளிருந்தே மரம் முளைத்து, வேர் கல்லை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. படியேற வேண்டும், அப்பா மெதுவாக ஏறட்டும். மூன்றாவதுக்கு நெல்வயல் நடுவே வரப்பில் நடக்க வேண்டும், வேலி தாண்ட ஏணிப்படி இருக்கும். முழங்கால் ஒத்துழைத்தால் மட்டும் போங்கள்.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று. போன்சவானில் மேக் அமைப்பின் சின்னத் தகவல் மையம் ஒன்று இருக்கிறது, அங்கே படமும் போட்டுக் காட்டுவார்கள். அதில் கை கால் இழந்தவர்களைக் காட்டுவார்கள். அப்பாவும் நீங்களும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு, அம்மா பார்க்க வேண்டுமா என்று பிறகு அவரிடமே கேளுங்கள். தாம் பியூ குகைக்குக் கூட்டிப்போகட்டுமா என்று வண்டிக்காரர் கேட்பார். 1968 நவம்பர் 24-ஆம் தேதி அங்கே ஒளிந்திருந்தவர்கள்மேல் ராக்கெட் விழுந்தது, இறந்தவர்கள் 374 பேர் என்பது லாவோஸ் சொல்லும் கணக்கு. கறுத்த குகைச்சுவர், வாசலில் ஊதுவத்தி, அவ்வளவுதான். பதுங்குகுழி வாழ்க்கையை வன்னியில் இருந்த தன் அண்ணன் வாயால் கேட்டவருக்கு அது சுற்றுலாவாக இருக்காது. என்னால் அங்கே ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

கடைசியாக, பயணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கோத்தகிரியைச் சுற்றி ஏதாவது ஒரு கல்திட்டையைப் போய்ப் பாருங்கள். எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே போகக் கூடாது என்று ஊரில் ஒருவரைக் கேட்டுக்கொண்டு போங்கள். அப்பாவின் முழங்கால் எவ்வளவு தாங்கும் என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும். லாவோஸில் முதலாம் இடத்துக்கு வாசலிலிருந்து மேலே பேட்டரி வண்டி விடுகிறார்கள். அம்மா நடக்கத் தயங்கினால் அதில் ஏறி மேட்டில் இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்தபடியே பெரிய ஜாடியையும் கீழே விரியும் புல்வெளியையும் பார்க்கலாம். அவர் உட்காரும் இடத்தைச் சுற்றி வெள்ளைக் கல் எங்கே இருக்கிறது என்று முதலில் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு, அவருக்கும் விரலால் காட்டுங்கள்.